உறைந்த கடலின் விளிம்பில்: பாண்ட் இன்லெட் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடக்கே, பாஃபின் தீவின் மேல்முனையில் பாண்ட் இன்லெட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வாழும் இனுயிட் மக்கள் அதை மித்திமத்தலிக் என்பார்கள். நார்வால் என்ற தந்தமுள்ள திமிங்கிலம், பனிக்கரடி, நடுநிசிச் சூரியன், உறைந்த கடல்மேல் பயணம் என்று ஆர்க்டிக் ஆசையோடு இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஆர்க்டிக் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அதனால் இந்த ஊரை நடுவில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நுனாவுத் என்பது என்ன? தனி நாடா?

தனி நாடு இல்லை. கனடாவின் ஆட்சிப்பகுதிகளில் ஒன்று. 1993இல் இனுயிட் மக்களுக்கும் கனடா அரசுக்கும் ஏற்பட்ட நில ஒப்பந்தத்தின் பலனாக 1999 ஏப்ரல் 1 அன்று வடமேற்கு ஆட்சிப்பகுதியிலிருந்து பிரித்து உருவாக்கினார்கள். இனுயிட் மக்களின் மொழியான இனுக்டிட்டுட்டில் நுனாவுத் என்றால் 'எங்கள் நிலம்'. பரப்பளவு சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 37,000 மட்டுமே. நம் ஊர்ப் பக்கம் ஒரு சின்ன நகராட்சியில் இதைவிடக் கூட்டம் இருக்கும். மொத்தம் 25 ஊர்கள், தலைநகர் இகாலுயிட். ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலை கிடையாது.

நில ஒப்பந்தத்தை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. இது யாரும் இல்லாத வெறும் பனிக்காடு என்று நினைத்துக்கொண்டு பலர் கிளம்புகிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் இன்னொருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள்.

எப்படிப் போய்ச் சேர்வது?

விமானம்தான். ஒட்டாவாவிலிருந்து இகாலுயிட்டுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். அங்கே சிறிய விமானத்துக்கு மாறி, வடக்கே இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்தால் பாண்ட் இன்லெட். டொராண்டோவில் சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிற நம்மவர்கள் அந்தப் பயணத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு வழக்கமான கனடா வருகையாளர் விசா வேண்டும். நுனாவுத்துக்கென்று தனி விசா இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மூடுபனி இறங்கிவிட்டால் விமானம் வராது. இன்று வராது, நாளையும் வராமல் போகலாம். திரும்பும் வழியில் குறைந்தது இரண்டு மூன்று நாள் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே சென்னை விமானம் என்று டிக்கெட் எடுக்காதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் ஜூன் மாதம் என்பேன். காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பாண்ட் இன்லெட்டுக்கு எதிரே எக்லிப்ஸ் சவுண்ட் என்ற கடல்கால்வாய். அதைத் தாண்டினால் பனியாறுகள் வழியும் பைலட் தீவு. குளிர்காலம் முழுவதும் இந்தக் கால்வாய் பாறைபோல உறைந்து கிடக்கும். கிழக்கே பாஃபின் விரிகுடா பக்கம் போனால் ஓர் இடத்தில் உறைபனி முடிந்து திறந்த கடல் தொடங்கும். அந்தக் கோட்டை இனுயிட்கள் சினாக் என்கிறார்கள். தமிழில் பனிவிளிம்பு என்று சொல்லலாம். வசந்தத்தில் வெளிச்சம் வந்ததும் உறைபனியின் அடியில் பாசி வளரும். அதைத் தின்னச் சிறு உயிர்கள், அவற்றைத் தின்ன ஆர்க்டிக் காட் மீன்கள், மீனுக்காகப் பறவைகளும் சீல்களும், சீலுக்காகப் பனிக்கரடி என்று எல்லாம் அந்த ஒரே கோட்டில் வந்து கூடுகின்றன. கோடையைக் கழிக்க உள்கால்வாய்களுக்குப் போக வேண்டிய நார்வால்களும் பனி உடைவதற்காக அங்கே காத்துக் கிடக்கும். மே கடைசியிலிருந்து ஜூன் முடிய இதுதான் காட்சி.

ஜூலையில் பனி உடைந்துவிடும். அந்த இடைவெளியில் ஸ்னோமொபில் என்ற பனி மோட்டார் வண்டியும் ஓடாது, படகும் போகாது. ஆகஸ்ட், செப்டம்பரில் படகிலோ பயணக் கப்பலிலோ வரலாம். மே முதல் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை இங்கே சூரியன் மறைவதே இல்லை. கண்ணை மூடிக்கொள்ளத் துணிப்பட்டை கொண்டுபோங்கள்.

துருவ ஒளி பார்க்கலாமா?

கோடையில் முடியாது, இருட்டே இல்லையே. அதோடு துருவ ஒளி வலுவாகத் தெரியும் வளையம் பாண்ட் இன்லெட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அதுதான் முக்கியம் என்றால் அக்டோபருக்குப் பிறகு இகாலுயிட்டுக்குப் போங்கள். அங்கே யாராவது 'வானொளியைப் பார்த்துச் சீட்டியடிக்காதே' என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் வால்ரஸ் மண்டையோட்டை உதைத்து விளையாடுவதுதான் அந்த ஒளி, சீட்டியடித்தால் அது கீழே இறங்கி வந்துவிடும் என்பது அங்கே பாட்டிகள் சொல்லும் கதை.

உறைந்த கடல்மேல் எப்படிப் பயணம் செய்வது? பயமில்லையா?

கமுத்திக் என்னும் நீளமான மரச்சறுக்கு வண்டியில் உட்கார்ந்துகொள்வீர்கள். முன்னே ஸ்னோமொபில் இழுக்கும். கமுத்திக்கின் குறுக்குச் சட்டங்களை ஆணி அடித்து இறுக்குவதில்லை, கயிற்றால் கட்டுகிறார்கள். மேடு பள்ளத்தில் வண்டி உடையாமல் நெளிந்து கொடுப்பதற்காக. ஜூனில் பனித்தளத்தில் வெடிப்புகள் விழுந்திருக்கும், நடுவே கருநீலமாகக் கடல் தெரியும். நீளமான வண்டி அந்த வெடிப்பின் மேல் பாலம்போலக் கிடந்து கடந்துவிடும். வெடிப்பு அகலமாக இருந்தால் வழிகாட்டி இறங்கி, நடந்து பார்த்து, வேறு இடம் தேடுவார். சில சமயம் ஒரு வெடிப்பைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள்.

பாதுகாப்பு என்பது முழுக்க வழிகாட்டியின் அறிவைச் சார்ந்தது. காற்றின் திசை, நீரோட்டம், நிலவின் நாள், பனியின் நிறம் இவற்றை வைத்து அவர்கள் முடிவெடுக்கிறார்கள். காற்று மாறினால் நீங்கள் நிற்கும் துண்டு பிரிந்து கடலுக்குள் போய்விடக்கூடும். 'கிளம்பு' என்று அவர் சொன்னால் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இப்போது பருவநிலை மாறியதில் பழைய கணக்குகள் சில பொய்க்கின்றன. அதனால் ஸ்மார்ட் ஐஸ் என்ற அமைப்பின் கருவிகளைக் கொண்டு ஊர்க்காரர்களே பனியின் தடிமனை அளந்து, ஆபத்தான இடங்களை வரைபடமாக வெளியிடுகிறார்கள். பெரியவர்களின் அனுபவமும் அளவைக் கருவியும் அந்த வரைபடத்தில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

என்னென்ன விலங்குகளைப் பார்க்கலாம்?

நார்வால்தான் முதல். ஆண் நார்வாலின் தலையிலிருந்து ஈட்டிபோல நீண்டிருப்பது கொம்பு இல்லை, பல். மேல்தாடையின் இடதுபக்கக் கோரைப்பல் உதட்டைத் துளைத்துக்கொண்டு, திருகுத் திருகாக முறுக்கி, 3 மீட்டர் நீளம்வரை வளர்கிறது. பெண்களில் சிலவற்றுக்கு மட்டும் உண்டு. நம் பல்லில் கடினமான பகுதி வெளியே, நரம்பு உள்ளே. நார்வால் தந்தத்திலோ கடல்நீர் உள்நரம்பு வரை எட்டும் நுண்குழாய்கள் இருக்கின்றன. மார்ட்டின் நுவீயா என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த வேலையில் பாண்ட் இன்லெட் வேட்டைக்காரர்களின் அறிவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கி மீன் பிடிக்கக்கூடிய உயிர் இது. ஆனால் சின்ன சத்தத்துக்கும் மிரளும். பனிவிளிம்பில் நீங்கள் காலைத் தரையில் தட்டினால்கூட அதற்குக் கேட்கும்.

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய போஹெட் திமிங்கிலம், பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலம், வளையச் சீல், தாடிச் சீல், வெண்ணரி எல்லாம் இந்தப் பக்கம் உண்டு. பைலட் தீவில் வெண்பனி வாத்துகள் பெரும் கூட்டமாக முட்டையிடுகின்றன. தீவின் செங்குத்துப் பாறைகளில் மர் பறவைகளும் கிட்டிவேக்குகளும் லட்சக்கணக்கில் அடைகின்றன.

பனிக்கரடி வந்துவிட்டால்?

வரும் என்று எண்ணியே எல்லா ஏற்பாடும் இருக்கும். உலகத்துப் பனிக்கரடிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனடாவில்தான். பனிமேல் அமைக்கும் முகாமில் இரவு பகலாகக் காவல் இருக்கும், வழிகாட்டிகளிடம் துப்பாக்கி இருக்கும். உங்கள் வேலை ஒன்றுதான்: தனியாக எங்கும் போகாதீர்கள், கழிப்பறைக் கூடாரத்துக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள். படம் எடுக்க இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று வழிகாட்டியைக் கெஞ்சக் கூடாது. கரடியும் அவரும் ஒருவரையொருவர் பல தலைமுறையாக அறிந்தவர்கள். கரடியை அவர்கள் நனுக் என்பார்கள், மரியாதையோடுதான் சொல்வார்கள்.

அங்கே நார்வாலையும் சீலையும் வேட்டையாடுவார்களாமே? பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது?

ஆமாம், வேட்டையாடுவார்கள். அவர்களது உணவு அது. நெல் விளையாத, மரமே முளைக்காத நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் பிழைத்திருப்பது கடல் கொடுத்ததால்தான். நார்வால் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் சேர்ந்த துண்டை மக்தாக் என்கிறார்கள். காய்கறி இல்லாத ஊரில் அவர்களுக்கு வைட்டமின் சி கொடுத்தது அதுதான். நார்வாலுக்கும் கரடிக்கும் ஊர்வாரியாக எண்ணிக்கை வரம்பு உண்டு. கிடைத்ததை உறவினருக்கும், வேட்டைக்குப் போக முடியாத முதியவர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள்.

கடை உணவு விமானத்திலும், பனி உருகிய சில வாரங்களில் கப்பலிலும் வர வேண்டும். விலை தெற்கே இருப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பல குடும்பங்கள் அரைவயிற்றோடு இருக்கின்றன. இதெல்லாம் தெரியாமல் வெளியூர்க்காரர்கள் சீல் வேட்டைக்கு எதிராக நடத்திய போராட்டமும், அதன்பின் ஐரோப்பா கொண்டுவந்த தடையும் சீல்தோல் விலையை விழவைத்தன. இனுயிட்களுக்கு விலக்கு உண்டு என்று சட்டத்தில் எழுதியிருந்தும் சந்தை திரும்பவில்லை. வேட்டையைப் பார்க்க மனம் இடம் கொடுக்கவில்லை என்றால் அமைதியாக ஒதுங்கி நில்லுங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு படம் எடுத்து வலைத்தளத்தில் போடுவது, சாப்பிட அழைத்தவர் வீட்டில் இலையைத் தட்டிவிடுவதற்குச் சமம்.

நான் சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஊரில் பெரிய கடைகளில் அரிசி, பருப்பு வகை, பாஸ்தா கிடைக்கும். காய்கறி கொஞ்சம் வாடியிருக்கும், விலை கண்ணைக் கட்டும். முகாமுக்குப் போவதென்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். பொடி வகைகள், புளிக்காய்ச்சல், ஊறுகாய், உலர்பழம் கையில் கொண்டுபோவது புத்திசாலித்தனம். குளிரில் பசி இரண்டு மடங்காகும்.

அசைவம் சாப்பிடுபவர்கள் ஆர்க்டிக் சார் மீனை விடாதீர்கள். சால்மனுக்குச் சொந்தக்கார மீன். உறைந்த நிலையிலேயே மெல்லச் சீவித் தருவார்கள், வாயில் கரையும்.

'எஸ்கிமோ' என்று சொல்லலாமா?

கூடாது. பிறர் வைத்த பெயர் அது, அங்கே அதைத் தாழ்வாக உணர்கிறார்கள். ஒருவர் என்றால் இனுக், பலர் என்றால் இனுயிட். இனுயிட் என்றாலே 'மக்கள்' என்றுதான் பொருள். நன்றி சொல்ல 'குயன்னமீக்'.

வீட்டுக்குள் நுழையும்போது காலணியைக் கழற்றிவிட வேண்டும், இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சின் நடுவே ஒருவர் புருவத்தை உயர்த்தினால் 'ஆமாம்', மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. இது தெரியாமல், பதிலே சொல்லவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் உண்டு. படம் எடுக்குமுன் கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம்.

இக்லுவில் தங்கலாமா?

இக்லு என்றால் அவர்கள் மொழியில் வெறும் 'வீடு'. இன்று மர வீடுகள்தான். பனிக்கட்டி வீடு கட்டும் திறமை இன்னும் பலரிடம் இருக்கிறது, வேட்டைப் பயணத்தில் உதவும்.

பண்பாட்டை அறிய என்ன வழி? நடனம், பாட்டு நிகழ்ச்சி ஏதாவது உண்டா?

உண்டு. ஊரில் நட்டின்னாக் பார்வையாளர் மையம் இருக்கிறது. கப்பல் வரும் நாட்களில் முரசாட்டம் நடக்கும். இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்று மூச்சாலேயே போட்டி போடும் தொண்டைப் பாட்டும் கேட்கலாம். யார் முதலில் சிரித்துவிடுகிறாரோ அவர் தோற்றார். சீல் எண்ணெயில் எரியும் குல்லிக் என்ற கல்விளக்கு, பெண்களின் பிறைவடிவக் கத்தியான உலு, முதுகுப்பையில் குழந்தையைச் சுமக்கும் அமாவுட்டி என்ற மேலங்கி, எல்லாம் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

எனக்கு இவற்றைவிட நெருக்கமாகப் படுவது அவர்கள் பெயர் வைக்கும் முறை. இறந்த உறவினரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைக்கிறார்கள், பெயரோடு அவருடைய உறவும் குழந்தைக்கு வந்துவிடும். பாட்டியின் பெயர் வைத்த சின்னப் பெண்ணைப் பெற்ற தகப்பனே 'அம்மா' என்று கூப்பிடுவான். தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்பதால் 'பெயரன்' என்று சொல்லி, அதையே பேரன் ஆக்கிக்கொண்ட மொழி நம்முடையது. இது நமக்குச் சட்டென்று புரியும்.

அவர்களிடம் முன்பு குடும்பப்பெயர் கிடையாது. நாமும் அப்படித்தான், படிவத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று முழிக்கிறவர்கள். அவர்களுக்கு நடந்தது கொடுமை. பெயர்கள் புரியவில்லை என்று 1941 முதல் அரசு ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்டத்தகடு கொடுத்தது. சொந்தப் பெயர் இருந்தும் அரசு ஏட்டில் எண்ணாகவே முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். 1968க்குப் பிறகுதான் ஏப் ஓக்பிக் என்ற இனுக் ஊர் ஊராகச் சென்று மக்கள் விரும்பிய குடும்பப்பெயர்களைப் பதிவு செய்தார். அரசு அதோடு நிற்கவில்லை. 1953இலும் 1955இலும் வடக்கு கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்தும் பாண்ட் இன்லெட்டிலிருந்தும் குடும்பங்களை இன்னும் வடக்கே, ரெசொலூட்டுக்கும் கிரைஸ் ஃபியார்டுக்கும் கொண்டுபோய் இறக்கினார்கள். திரும்பி வரலாம் என்று கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே பெரியவர்கள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் புரியும்.

எவ்வளவு குளிர்? என்ன உடுத்துவது?

ஜூனில் உறைநிலையை ஒட்டி, பகலில் ஓரிரு டிகிரி மேலே. கேட்க எளிது, பனிமேல் காற்றோடு ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் அது வேறு. பருத்தி வேண்டாம், ஈரமானால் உயிரை வாங்கும். கம்பளி உள்ளாடை, நடுவில் இன்னொரு அடுக்கு, மேலே பார்க்கா என்ற காற்றுபுகாத தடித்த மேலங்கி. தடித்த காலணியைப் பல குழுக்கள் வாடகைக்குத் தரும். நல்ல கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே நாளில் பார்வையைச் சுட்டுவிடும். எலும்பில் மெல்லிய கீறல் மட்டும் விட்டு இனுயிட்கள் செய்த பழைய கண்ணாடிகள் இதற்காகத்தான்.

செலவு?

அதிகம். பனிவிளிம்பு முகாம் ஒரு வாரத்துக்கு 10,000 கனடிய டாலரைத் தாண்டுவது சாதாரணம், விமானக் கட்டணம் தனி. இடங்கள் குறைவு, அதனால் ஓராண்டு முன்பே பதிவு செய்யுங்கள். பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: வழிகாட்டிகள் யார், அவர்கள் இந்த ஊர்க்காரர்களா? உங்கள் பணம் எங்கே போய்ச் சேரும் என்பது அந்தப் பதிலில் இருக்கிறது.

உடம்புக்கு முடியாமல் போனால்?

ஊரில் செவிலியர்கள் நடத்தும் சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் விமானத்தில் இகாலுயிட்டுக்கு, தேவைப்பட்டால் ஒட்டாவாவுக்கு. வெளியேற்றச் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் போகவே போகாதீர்கள். ஊரைத் தாண்டினால் கைபேசி வேலை செய்யாது, குழுவிடம் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கும்.

நாங்களே தனியாக மலையேற்றம் போகலாமா?

அனுபவம் இருந்தால் மட்டும். பாஃபின் தீவிலேயே தெற்கே அவுயுயிட்டுக் தேசியப் பூங்காவில் அக்ஷாயுக் கணவாய் 97 கிலோமீட்டர் நடை. தோர் மலையின் 1,250 மீட்டர் செங்குத்துச் சுவர் அந்த வழியில்தான். பாலம் இல்லாத பனியாற்று நீரை இறங்கிக் கடக்க வேண்டும். பாண்ட் இன்லெட்டை ஒட்டிய சிர்மிலிக் பூங்காவானாலும் இதுவானாலும் முன்பதிவும் பாதுகாப்பு வகுப்பும் கட்டாயம்.

என்ன வாங்கி வரலாம்?

கல் சிற்பம், அச்சோவியம். கின்கெயிட் ஊரின் அச்சோவியங்கள் உலகப் புகழ் பெற்றவை. அந்த ஊர்க் கலைஞர் கெனோஜுவாக் அஷேவாக் 1960இல் செய்த ஆந்தைப் படம் கனடா தபால்தலையில்கூட வந்தது. இக்லு முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இனுயிட் கலைஞர் செய்தது என்பதற்கு அது சான்று. நார்வால் தந்தம், கரடித்தோல் வேண்டாம். எல்லை தாண்ட அனுமதிகள் வேண்டும், சில நாடுகளுக்குள் கொண்டுபோகவே முடியாது.

நாம் அவ்வளவு தூரம் பறந்து போவதே அந்த இடத்துக்குக் கெடுதல் இல்லையா?

நியாயமான கேள்வி. விமானப் புகைக்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அடிக்கடி போகிற இடம் இல்லை இது. போனால் ஒரு முறை, நீண்ட நாள், ஊரில் தங்கி. பெரிய கப்பலில் வந்து இரண்டு மணி நேரம் இறங்கி ஏறுவதைவிட அது மேல். எக்லிப்ஸ் சவுண்ட் வழியாகச் செல்லும் இரும்புத்தாதுக் கப்பல்களின் சத்தத்தால் நார்வால்கள் விலகிப் போகின்றன என்று பாண்ட் இன்லெட் வேட்டைக்காரர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். அந்தத் தாதுவை எடுக்கும் சுரங்கத்தின் பெரிய விரிவாக்கத்தை 2022 நவம்பரில் அரசு மறுத்தது. பக்கத்து ஊரான கிளைட் ரிவர் கடலடி வெடியொலி ஆய்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 2017இல் வென்றது. கடலை எப்படிக் காப்பது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் சொல்லும் தூரத்தில் நில்லுங்கள், சொல்லும்போது எஞ்சினை நிறுத்துங்கள்.

அவ்வளவு செலவு செய்து போய் நார்வால் வரவில்லை என்றால்?

நடக்கும். காற்று பனித்துண்டுகளை விளிம்போடு தள்ளி அடைத்துவிட்டால் நாள் கணக்கில் ஒன்றும் வராது. அப்போது வழிகாட்டியிடம் நீரொலிவாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். அதைக் கடலுக்குள் இறக்கிக் காதில் வையுங்கள். உச்சத்தில் தொடங்கிச் சுழன்று சுழன்று கீழே இறங்கும் நீண்ட சீழ்க்கை ஒன்று கேட்கும். கிலோமீட்டர் கணக்கில் தள்ளி, பனிக்கடியில், ஓர் ஆண் தாடிச் சீல் துணையை அழைத்துப் பாடிக்கொண்டிருக்கிறது. முடியும், கொஞ்ச நேரம் அமைதி, பிறகு வேறொரு திசையிலிருந்து இன்னொன்று தொடங்கும்.